கறுப்புத் துணிக்கு உள்ளே

மனைவி இல்லாமல் அவர் எங்கேயும் போகமாட்டார் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். நாலு பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், "கட்டினா அந்த மாதிரி ஆளைக் கட்டணும். பக்கத்து ஊருக்குப் போனாலும் பொண்டாட்டியைக் கையோட கூட்டிட்டுப் போறாரே மனுஷன்!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முதல் இரண்டு வருஷம் அவளும் அப்படித்தான் நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். பாவம், புதுசு.

விஷயம் வேறு. அவருக்குத் துணி பிடிக்க ஆள் வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவரை ஊர் ஊராக அனுப்பும். எந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவில் நின்றாலும், எந்த ஓட்டலில் லிஃப்ட் கதவு மூடமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பையில் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் ஒரு கேமரா. பஸ் ஜன்னல், ரயில் ஜன்னல், பத்து மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு ஜன்னல் எதையும் விடமாட்டார். கொல்லையில் காயும் துணி, மொட்டைமாடியில் பல் தேய்க்கும் ஆள், ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நிற்கும் கூட்டம், எதிர்வீட்டு அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் கை, இவைதான் அவர் எடுக்கும் படங்கள். அடுத்த வீட்டை வெறுங்கண்ணால் எட்டிப் பார்த்தால் செருப்படி விழும். கேமராவை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் கலை என்கிறார்கள். போகட்டும்.

கண்ணாடி வழியாகப் படம் எடுப்பதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. வெளியே இருப்பது மட்டுமா விழும்? உள்ளே இருப்பதும் கண்ணாடியில் தெரிந்து தொலைக்கும். ட்யூப்லைட், பக்கத்து சீட்காரரின் வழுக்கை, சாப்பாட்டுப் பை என்று எல்லாம் படத்துக்கு நடுவில் வந்து நிற்கும். கல்யாணமான புதிதில் அவர் இதற்காகத் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவள் வேலை பார்ப்பது திரைச்சீலை தைக்கும் கடையில். வெயில் புகாமல் இருக்கத் திரைக்குப் பின்னால் வைத்துத் தைக்கிற கனத்த கறுப்புத் துணி அங்கே உண்டு. மிச்சம் விழுந்த ஒன்றரை மீட்டரை முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கி, ஓரம் அடித்து, ஆசையாகத் தைத்துக் கொடுத்தாள். அந்த ஆசைதான் வினையாகிப் போனது.

முறை இதுதான். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கேமராவும் தலையுமாகத் துணிக்குள் புகுந்துகொள்வார். அவள் பக்கத்து சீட்டிலிருந்து எக்கி, இரண்டு கையாலும் துணியின் விளிம்பைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பாள். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகக் கூடாது. துணிக்கு உள்ளே அவரும் ஊர் உலகமும். துணிக்கு வெளியே அவளும் அவள் தைத்த தையலும். "ஆட்டாதே. இடது பக்கம் விரியுது பாரு. கொஞ்ச நேரம் மூச்சை அடக்கினா செத்தா போயிடுவே?" என்று துணிக்குள்ளிருந்து குரல் வரும். எத்தனை மலை, எத்தனை ஆறு, எத்தனை ஊர்! எல்லாம் கறுப்பாக இருந்தது என்று கடையில் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

ஒருமுறை, துணியின் நாலு மூலையிலும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் மூடி வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றாள். "அதெல்லாம் ஓடுற வண்டியில கழண்டு விழுந்துடும். உன் கை மாதிரி வருமா?" என்றார். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க வாயெல்லாம் பல்லாகத் திரிந்தாள். மகள் ஆறாவது படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழாவில் பாடினாள். பாட்டைக் கேட்டது நாத்தனார். அம்மாக்காரி அந்த நேரம் இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ரயிலில் துணி பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் இப்போது காலேஜில் சேர்ந்து வேறு ஊர் ஹாஸ்டலில் இருக்கிறாள். அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்துச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

இப்படிப் பதினெட்டு வருஷம். அப்புறம்தான் அந்த ரயில் வந்தது.

காலை எட்டு மணி இருக்கும். வேலை முடிந்து ஊர் திரும்புகிறார்கள். எதிரெதிர் சீட் போட்ட ஏ.சி. பெட்டி. அவருக்கு ஜலதோஷம் முற்றி மூக்கு பழமாகச் சிவந்திருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டார். "ஜன்னல் பக்கம் சில்லுனு அடிக்குது" என்று எழுந்து எதிர் சீட்டின் உள்மூலைக்கு மாறி, கேமராவை அவள் மடியில் வைத்துவிட்டு, இரண்டு நிமிஷத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். அவள் நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல்முறை. யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்று ஒரு பயம்கூட இருந்தது.

சிக்னலுக்காக ரயில் நின்றது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு வீட்டின் பின்பக்கம். திறந்த கதவு, உள்ளே ஒரே இருட்டு. கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண், இவள் வயதுதான் இருக்கும், இரண்டு காலையும் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எதை நினைத்துச் சிரித்தாளோ! அவள் சிரிப்பதைப் பார்த்து இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் இருந்த கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து அழுத்தினாள். ஒரே ஒரு தடவை. துணி, வெளிச்சம், விளிம்பு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. சிக்னல் விழுந்தது, ரயில் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவர் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்க்கும்போது, "இது எப்போ?" என்று நிறுத்தினார்.

"நான் எடுத்தேன். நீங்க தூங்கிட்டிருந்தப்போ" என்றாள். குரலில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை.

வெகுநேரம் பார்த்தார். "ஃபோகஸ் நல்லா உட்கார்ந்திருக்கு. லென்ஸ் அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். லென்ஸுக்குக் கிடைத்த மரியாதை!

மூன்று மாதம் கழித்துப் புகைப்படச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வருஷத்துக்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து நாற்பது படங்களை மாட்டிக் கண்காட்சி வைப்பார்கள். இந்த வருஷம் அவர். வாசலில் மாட்டும் பெரிய படமாக வாளிக்காரியைத்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள். அவர் அனுப்பிய இருநூறு படங்களில் அவர்கள் கண்ணில் பட்டது அதுதான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி போனை வைத்ததும் கேட்டாள்.

"என்னங்க, அது நான் எடுத்த படம்தானே?"

"பட்டனை அழுத்தினா எடுத்ததா ஆயிடுமா? கேமரா யாரோடது? அதுல அளவெல்லாம் சரிபண்ணி வெச்சது யாரு? அப்போ லிஃப்ட்ல பட்டனை அழுத்துறவன்லாம் லிஃப்ட் மெக்கானிக்கா?"

"மெக்கானிக் இல்லைதான். ஆனா மேல போறது அவன்தானே?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி, "சரி விடு. இப்போ பேரை மாத்தினா கண்காட்சியே வேணாம்னுடுவாங்க. திறப்புவிழா மேடையில நானே சொல்லிடறேன், இந்த ஒரு படம் என் மனைவி எடுத்ததுன்னு. போதுமா?" என்றார்.

போதும் என்றாள். உண்மையாகவே போதும்தான் அவளுக்கு. நாற்பதில் ஒன்று, ஒரு வாக்கியம், அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் கடையில் வாய் நிற்கவில்லை. துணிக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அக்காவிடம் சொன்னாள், முதலாளியம்மாவிடம் சொன்னாள். "நிஜமாவா? நீயா எடுத்தே?" என்று அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அடி கள்ளி, இத்தனை நாளா துணிதான் பிடிக்கிறேன்னு நினைச்சோம்!" திறப்புவிழாவுக்கு மூவருமாகப் போவது என்று முடிவாயிற்று. முதலாளியம்மா அன்றைக்குக் கடையை மதியத்தோடு மூடுவதாகச் சொல்லிவிட்டாள். திருவாளர் கடுகடு என்று பெயரெடுத்த அவள் புருஷனே ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாருங்கள்.

விழாவுக்கு முதல்நாள் அவருக்கு ஏதோ ஆபீஸில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது. படங்களை வாங்கிவர அவளை ஸ்டுடியோவுக்கு அனுப்பினார். ஸ்டுடியோக்காரப் பெண் நல்ல வாயாடி. பெரிய படத்தைச் சுற்றிக்கொண்டே, "இதுல மட்டும்தான் எனக்கு வேலை அதிகம்" என்றாள். "பெரிசாக்கினப்போ அந்தக் கதவு இருட்டுல ஒரு ஆளு தெரிஞ்சாரு. ரயிலுக்குள்ள தூங்கிட்டிருந்திருப்பாரு போல. கண்ணாடியில விழுந்திருக்கு. வாயை ஆன்னு திறந்துட்டு! சார்தான், 'யாரோ எதிர் சீட் ஆளு, அழிச்சுடும்மா'ன்னாரு. அழிச்சுட்டேன். இந்தாங்க, முன்னால எப்படி இருந்துச்சுன்னு பாருங்க, சிரிப்பா இருக்கும்."

அவள் பார்த்தாள். வாளிக்குள் கால், பின்னால் சாய்ந்த தலை, சிரிப்பு. பின்னால் இருட்டான கதவில் அவள் புருஷன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பவர் மாதிரி அச்சாக இருந்தது. இந்தப் படத்தை யார் எடுத்தது என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது அவர் முகம். அதை அவரே அழிக்கச் சொல்லியிருக்கிறார்.

"இதை ஒண்ணு, சின்னதா, எனக்குப் போட்டுத் தர்றியாம்மா?"

"தர்றேன்க்கா. இது ஒண்ணுதான். ஃபைலையும் வெச்சுக்க வேணாம்னு சார் சொல்லிட்டாரு. வீட்டுல இருந்ததையும் அழிச்சுட்டாராம்."

அதை வாங்கிக் கைப்பையில், கறுப்புத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு நடந்துவரும்போது அவருக்கு அவளே வக்காலத்து வாங்கினாள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற படத்தை யார்தான் வாசலில் மாட்டுவார்கள்? கூச்சமாக இருந்திருக்கும். மேடையில் சொல்கிறேன் என்றிருக்கிறாரே, சொல்லுவார். அன்றைக்கு ராத்திரி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

விழா மாலை ஐந்து மணிக்கு. ஓவர்லாக் அக்காவும் முதலாளியம்மாவும் முதல் ஆளாக வந்து வாளிக்காரி முன்னால் நின்றுகொண்டார்கள். நாத்தனாரும் வந்திருந்தாள். படம் கண்ணாடி போட்ட சட்டத்தில் ஆள் உயரத்துக்கு இருந்தது. "எவ்வளவு பெரிசா போட்டிருக்காங்க!" என்று அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்குக் காதுவரை சூடேறியது. கதவு வெறும் கறுப்பாக இருந்தது.

மேடையில் சங்கத் தலைவர் அவரைக் கேட்டார். "சார், கண்ணாடி வழியா எடுத்த படங்கள். ஆனா ஒரு படத்துலகூட உள்ளே இருக்கிறது பிரதிபலிக்கலையே, அது எப்படி?"

அவர் மைக்கைச் சரிசெய்துகொண்டார். "அதுக்குப் பொறுமை வேணும். நான் எப்பவும் தனியாத்தான் போவேன். துணைக்கு ஆள் இருந்தா பேச்சு, சிரிப்புன்னு கவனம் சிதறிடும். ஜன்னலும் நானும்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன அண்ணி, அண்ணன் இப்படிச் சொல்றாரு?" என்று காதருகில் முணுமுணுத்தாள். அவள் மேடையையே பார்த்தாள். இன்னும் பெரிய படத்துக்கு வரவில்லையே. வந்தார்.

"வாசல்ல இருக்கிற படம். காலை நேரம், ரயில் சிக்னல்ல நிக்குது. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷமும் நான் கண்ணைக்கூட இமைக்கலை."

அடேயப்பா! கண் இமைக்கவில்லையாம்!

அவள் இன்னும் காத்திருந்தாள். நன்றி சொன்னார், வணக்கம் சொன்னார், தலைவர் போர்த்திய சால்வையோடு இறங்கிவிட்டார். அவ்வளவுதான். ஓவர்லாக் அக்கா மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். பரிதாபம் இருந்தது, ஊரை ஏமாற்றிப் பெருமை அடித்துக்கொண்ட ஒருத்தியைப் பார்க்கிற பரிதாபம்.

"நீ எடுத்ததுன்னு சொன்னியே?"

கைப்பை அவள் தோளிலேயே தொங்கியது. ஜிப்பை இழுத்து, துணிக்கு அடியில் கையை விட்டால் முடிந்தது கதை. கண் இமைக்காத மனுஷனின் வாய் பிளந்த முகம் கூட்டத்தில் கைக்குக் கை போயிருக்கும். சிரித்தே அவரைத் தெருவில் நடக்கவிடாமல் செய்திருப்பார்கள். கை ஜிப்வரைக்கும் போயிற்று.

"தப்பா சொல்லிட்டேன்க்கா" என்றாள். "வேற படம். இது அவர் எடுத்ததுதான்."

முதலாளியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பாதி நாள் கடையை மூடிவிட்டு வந்தவள் வேறு என்ன செய்வாள்?

இத்தோடு விட்டிருக்கலாம் அவர். விடவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் அவரைப் பெரிய படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுக்க வந்தார். "கண்ணாடியில லைட் அடிக்குது சார்" என்றார். லிஃப்ட்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், பதினெட்டு வருஷப் பழக்கத்தில், கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"ஏய், எங்க போனே? துணியை எடுத்துப் பிடி!"

பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு இப்போதும் ஆறாத விஷயம் ஒன்றுதான். மறுத்திருக்கலாம், காதில் விழாத மாதிரி நின்றிருக்கலாம். ஆனால் கை தானாக ஜிப்பைத் திறந்தது. தானாகத் துணியை உதறியது. பத்திரிகைக்காரருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி, விளக்கை மறைத்துத் துணியை விரித்துப் பிடித்தாள். முகத்துக்கு முன்னால் தையல். அந்தப் பக்கம் அவர் குரல், "கொஞ்சம் இடது பக்கம் இறக்கு." இறக்கினாள். "அருமை சார், கண்ணாடி இருக்கிறதே தெரியலை" என்றார் பத்திரிகைக்காரர். துணியை மடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஓவர்லாக் அக்கா வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. படி இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தார்கள். பொழுது சாய்ந்து பஸ்ஸுக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார், அவள் எழுவாள் என்று. எழவில்லை. சால்வையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடையில சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். "அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் பதட்டத்துல மறந்துட்டேன்."

அவள் கைப்பையைத் திறந்து அந்தச் சின்னப் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். மன்னிச்சுடு என்று சொல்வார் என்று நினைத்தாள். அட, திட்டுவார் என்றுகூட நினைத்தாள். அவர் முன்சீட்டையும் பின்சீட்டையும் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதை யாருக்கும் காட்டலையே?"

"இல்லை."

"நல்லவேளை" என்றார். நிஜமாகவே பெருமூச்சு விட்டார். அதை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போட்டுவிட்டு, அவள் முழங்கையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். "அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போறது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆசைப்பட்டுப் பிடித்த ஜன்னல். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே எரிகிற விளக்குதான் தெரிந்தது, அதற்குக் கீழே சால்வையும் கையுமாக அவர். எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் கண்ணாடி முழுக்க அவர்தான் இருந்தார்.

மடியில் இருந்த துணியை விரித்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள். முன்னால் குனிந்து, விளிம்பை இரண்டு கையாலும் கண்ணாடியோடு அழுத்திக்கொண்டாள். உடனே அவர் காணாமல் போனார். ஒரு சைக்கிள் கடை போயிற்று. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வரும் ஒரு ஆள் போனான். ஒரு மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றே? எல்லாரும் பார்க்கறாங்க. எடு அதை" என்று துணிக்கு வெளியே அவர் குரல் கேட்டது.

இடது பக்கம் கொஞ்சம் விரிந்து வெளிச்சம் வந்தது. அதை இழுத்து மூடினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில் தெரு பாதி கலங்கித்தான் தெரிந்தது. இறங்கவேண்டிய நிறுத்தம் வரும்வரை அவள் துணியை எடுக்கவில்லை.